உலகத்துக்கே ஆஃப் கொடுத்த நாள்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறேன். வேலையில் இருக்கும்போது செய்திருந்தால் அதில் எழுத ஒன்றும் இல்லை. எனக்கு வேலையே இல்லாத காலத்தில் செய்தேன். முதலாளி கிடையாது, சம்பளம் கிடையாது, நோட்டீஸை வாங்கிக்கொள்ள ஓர் ஆள்கூடக் கிடையாது. இருந்தும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் நிறுத்தினேன். நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவள், இந்த விஷயத்தில் முறை தவற மாட்டேன்.

என் அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். ஏ ஷிப்ட் என்றால் காலை ஆறு மணி, பி என்றால் மதியம் இரண்டு, சி என்றால் இரவு பத்து. இந்த மூன்றும் நடுவில் வரும் ஆஃபும் ஒரு வரிசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வரிசை அப்பாவுக்கு மனப்பாடம். அம்மாவுக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து பிடிபடவே இல்லை. சி ஷிப்ட் முடித்து வந்து படுத்தவரை எழுப்பி, "டூட்டிக்கு நேரமாவுது" என்பாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த நான் அம்மாவுக்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு என்ன ஷிப்ட் என்று சொல்லும். கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அலாரமும் அடிக்கும். 'அப்பா ஷிப்ட்' என்று பெயர் வைத்து, பழைய போன் ஒன்றில் போட்டு, சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். அன்றிலிருந்து அம்மா அப்பாவை நம்புவதை விட்டுவிட்டு அந்தப் போனை நம்ப ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் ஷிப்ட் பார்க்கும் இன்னும் நான்கைந்து பேரின் போனிலும் போட்டுக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். புத்தி விடவில்லை. எழுதியதை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், காசு வேண்டாம். திறந்த மூல மென்பொருள் என்பார்கள். (அம்மாவின் மொழிபெயர்ப்பு: "தண்ணிப்பந்தல் வச்சிருக்குறா.") உலகத்தில் ஷிப்ட் பார்ப்பவர் எங்கள் அப்பா மட்டும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நான்கு வருடத்தில் எங்கெங்கோ இருக்கும் மருத்துவமனைகள், விமான நிலையங்கள், ரொட்டிக் கம்பெனிகள் எல்லாம் தங்கள் பெரிய மென்பொருளின் வயிற்றுக்குள் 'அப்பா ஷிப்ட்'டை வைத்துத் தைத்திருந்தன.

எடுத்துக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? பழுது என்றால் எனக்கு எழுதினார்கள். "எங்கள் நாட்டில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவோம், உங்கள் நிரல் குழம்புகிறது, இன்றைக்குள் சரிசெய்யவும்" என்று ஒருவர் எழுதினார். ரொட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் "அவசரம்" என்று மட்டும் எழுதுவார், என்ன அவசரம் என்று எழுத மாட்டார். நான் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியை மூடிவிட்டதால் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்து, நாள் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'விரும்பினால் நன்கொடை தரலாம்' என்று ஓரமாக ஒரு பொத்தானும் வைத்திருந்தேன். அதை அமுக்கியவர் ஒரே ஒருவர். கை தவறிப் பட்டுவிட்டது என்று அவரும் மறுநாளே எழுதினார். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இது புரியவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகப் புரிந்தது. அதுதான் தொல்லை.

"சம்பளம் யாரு தர்றா?"

"யாரும் இல்லப்பா."

"சூப்பர்வைசர்?"

"அதுவும் இல்ல."

"அப்ப லீவு வேணும்னா யாருகிட்ட கேப்ப?"

அதுவரை லீவு எடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"வர்ற மே மாசம் நான் ரிடையர். குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்" என்றார் அப்பா. "அதுக்குள்ள இதுல ஒரு சம்பளம் வருதா பாரு. வரலன்னா பெங்களூர் கிளம்பு. உங்க சித்தப்பா பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

சித்தப்பா பையன் வேலை பார்த்தது, கடன் கட்டாதவர்களுக்கு ஓயாமல் போன் போடும் மென்பொருள் செய்கிற கம்பெனி. அங்கே போனால் 'அப்பா ஷிப்ட்'டைக் கைவிட வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. முகம் தெரியாத நர்ஸ் யாரோ என்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று நான் எழுதியதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள் என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. பெருமையை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது என்று அப்பா சொன்னதும் உண்மைதான்.

அப்பாவுக்கும் ஒரு பெருமை உண்டு. அவருடைய செக்‌ஷனில் ஒரு வழக்கம். ஒரு வருடம் முழுக்கச் சொல்லாமல் ஒரு நாள்கூட நிற்காதவர்களுக்குப் புது வருடத்தில் ஒரு ஹாட்பாக்ஸ் கொடுப்பார்கள். அப்பாவிடம் பதினொன்று இருந்தன. ஒன்றையும் சமையலுக்குத் தொட விடமாட்டார், எல்லாம் ஷோகேஸில் வரிசையாக நின்றன. வரப்போவதைச் சேர்த்தால் ஒரு டஜன். டஜனோடு ரிடையர் ஆவது என்று முடிவுகட்டி, பன்னிரண்டாவதுக்கு இடமும் ஒதுக்கித் துடைத்து வைத்திருந்தார்.

தண்டபாணி அங்கிள் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். எதிர் குவார்ட்டர்ஸ்காரர், அப்பாவோடு ஒரே ஷிப்டில் மெக்கானிக், யூனியனில் கிளைச் செயலாளர். அவரைப் பொறுத்தவரை மனித குலத்தில் இரண்டே சாதிதான்: பர்மனென்ட், கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் முறையை ஒழிப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. ஒரு நாள் டீ குடிக்க வந்தவரிடம் என் கதையை அம்மா புலம்பினாள்.

"எத்தன கம்பெனி உன் சரக்கை வச்சு ஓட்டுறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியல அங்கிள். நெறைய இருக்கும்."

"ஒருத்தன்கூட காசு தரல?"

"இல்ல அங்கிள்."

டம்ளரைக் கீழே வைத்தார். "இது கான்ட்ராக்டைவிட மோசம்மா. கான்ட்ராக்ட்காரனுக்காவது மாசம் பொறந்தா ஏதோ கைக்கு வருது. நீ கோரிக்கை மனு குடுத்தியா?"

கொடுக்கவில்லை. எனக்கே என் மேல் வெட்கமாகிவிட்டது.

அங்கிளிடம் ஒரு கோரிக்கை மனு தயாராக இருந்தது. பல வருடப் போராட்டங்களில் பண்பட்டது. மாதம் இரண்டு சோப்பு, வருடத்துக்கு இரண்டு டவல், பாதுகாப்பு ஷூ, மழைக்கோட்டு, தொண்டையில் தூசி தங்காமலிருக்க வெல்லம், கேண்டீன் சலுகை, பண்டிகை முன்பணம், சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை என்று பதின்மூன்று கோரிக்கை. சம்பளத்தைப் பதினான்காவதாகச் சேர்த்தார்.

"அங்கிள், கம்ப்யூட்டர் வேலைக்கு வெல்லம் எதுக்கு?"

"சேக்குறதுக்குத்தான் எனக்கு அதிகாரம் இருக்கு. எடுக்கணும்னா பொதுக்குழு கூட்டணும்."

நான் அத்தனையையும் வரி விடாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 'அப்பா ஷிப்ட்'டின் பக்கத்தில் உலகம் பார்க்கப் போட்டேன். (எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சிறுபிள்ளைத்தனம் என்று தப்பிக்கவும் முடியாது.) உலகம் அதைப் படு சீரியஸாக எடுத்துக்கொண்டது. சோப்பு ஆளுக்கா, குடும்பத்துக்கா என்று ஒருவர் கேட்டார். சைக்கிள் ஸ்டாண்டை ஆதரித்து ஒருவர் பதினாறு பத்தி எழுதினார். வாசனைச் சோப்பு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு என்ன வழி என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. பதினான்காவது கோரிக்கையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு கடிதம் வந்தது. டென்மார்க்கில் மருத்துவமனைகளுக்கு டூட்டி அட்டவணை போட்டுத் தரும் சின்ன நிறுவனம் ஒன்றின் தலைவி, மெட்டே என்று பெயர். "இதைப் பற்றி வீடியோவில் பேசலாமா?" என்று கேட்டிருந்தார்.

"பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுட்டாங்க" என்று அங்கிள் துள்ளினார். "வாயில் கூட்டம் போட்டுடணும். கம்பெனி கேட் எங்க இருக்கு?"

"இதுக்கு கேட் எல்லாம் கிடையாது அங்கிள்."

அவர் எங்கள் குவார்ட்டர்ஸின் இரும்பு கேட்டைப் பார்த்தார். அது போதும் என்று முடிவானது.

பேச்சுவார்த்தை நாளன்று மதியம் மூன்று மணிக்கு, ஏ ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்த எட்டுப் பேர் எங்கள் கேட் முன்னால் கொடியோடு நின்றார்கள். கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு அதன் மேல் என் லேப்டாப். கையடக்க மைக் ஒன்றும் வந்திருந்தது. அம்மா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். திரையில் மெட்டேயும் அவருடைய அலுவலகத்தார் இருவரும் தோன்றியதுதான் தாமதம், அங்கிள் மைக்கைத் தூக்கினார்.

"வழங்கிடு வழங்கிடு, சோப்பு டவல் வழங்கிடு."

எட்டுப் பேரும் திருப்பிச் சொன்னார்கள். மெட்டே முதலில் பின்னால் சாய்ந்தார். பிறகு எங்கள் ஊரில் இதுதான் வணக்கம் சொல்லும் முறை என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் கூப்பினார். வெல்லத்துக்கு ஒரு கோஷம், சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு கோஷம் எல்லாம் முடிந்தபின் மெதுவாகப் பேசினார். எல்லாக் கோரிக்கையையும் எங்களால் நிறைவேற்ற முடியாது. ஆனால் உங்கள் மென்பொருள் இல்லாமல் எங்கள் வேலை ஓடாது. அதனால் அதைப் பராமரிக்க உங்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறோம். ஒரு வருட கான்ட்ராக்ட், வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். அவர் சொன்ன தொகை என் சென்னைச் சம்பளத்தைவிட அதிகம்.

நான் சந்தோஷமாக மொழிபெயர்க்க வாயெடுத்தேன். கான்ட்ராக்ட் என்ற சொல்லுக்கு நெய்வேலியில் மொழிபெயர்ப்பு தேவையில்லை. கொடிகள் இறங்கின. மோர் டம்ளரோடு நின்ற அப்பா தலையை ஆட்டினார்.

"கான்ட்ராக்டா? வருஷா வருஷம் போயி கையேந்தணுமே."

அங்கிள் லேப்டாப்பின் அருகில் குனிந்து, மைக்கை வாயில் வைத்து, "நோ கான்ட்ராக்ட். ஒன்லி பர்மனென்ட்" என்றார். சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சொல்லக் கூசுகிறது, நானும் தட்டினேன். 'அப்பா ஷிப்ட்'டுக்கு வந்த முதல் சம்பளத்தை என் கண் முன்னாலேயே மூடி வைத்ததற்குத் தட்டினேன். எட்டுப் பேர் எனக்காக வெயிலில் நின்று கோஷம் போட்ட மயக்கம் அது, தெளிய இரண்டு வாரம் ஆனது.

அந்த இரண்டு வாரம் முடிகிற நாளில்தான் வேலைநிறுத்தம். பேச்சுவார்த்தை முறிந்தால் அடுத்தது அதுதான் என்றார் அங்கிள். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் என்று அன்றைக்கே நோட்டீஸ் போட்டேன். ஒரு சிக்கல் இருந்தது. நான் ஒரு நாள் வேலை செய்யாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? அதற்கு முந்தின மாதம் உறவுக்காரர் கல்யாணத்துக்கு மூன்று நாள் போய்விட்டு வந்தபோது ரொட்டிக்காரரைத் தவிர யாரும் தேடவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு நாள் மட்டும், யாருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டாலும் 'ஆஃப்' என்று சொல்லும்.

அங்கிளிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உலகம் பூரா தொழிலாளிக்கு ஒரு நாள் லீவு. நான் முப்பது வருஷத்துல ஒரு அரை நாள்கூட வாங்கிக் குடுத்ததில்லம்மா."

முந்தின நாள் மாலை அந்தப் புது வடிவத்தை வெளியிட்டுவிட்டு, நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அப்பாவின் குரலில்தான் விழித்தேன். மணி ஏழேகால். ஏ ஷிப்ட் நாள், அவர் ஐந்தேகாலுக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

"ஏன் எழுப்பல?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா ஆணியில் தொங்கிய போனைக் காட்டினாள். "ஆஃப்னு போட்டுகினு இருக்குது பாருங்க. அலாரமும் அடிக்கல. நல்லா தூங்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

"நேத்துதான் ஏ ஷிப்டே ஆரம்பிச்சுது. ரெண்டாம் நாளே எப்படி ஆஃப் வரும்?"

"அது இன்னாவோ எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதவிட அது சொல்றதுதான் எப்பவும் சரியா இருந்துகினு இருக்குது."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அம்மாவுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று, தெருவில் போட்டுக்கொடுத்த போன்கள் எல்லாம் புது வடிவத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி நான்தான் வைத்திருந்தேன்.

அப்பா சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டே வெளியே ஓடினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் குவார்ட்டர்ஸிலிருந்து தண்டபாணி அங்கிள் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக வந்தார். மூன்றாவது வீட்டிலிருந்து ஒருவர் பல் தேய்க்கும் பிரஷோடு வந்தார். தெரு நடுவில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மூவரும் ஒரே சமயத்தில் எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

நான் வெளியே போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"அங்கிள், உங்களுக்குத்தான் ஸ்ட்ரைக் தெரியுமே" என்றேன்.

"உலகம் பூரான்னுதானம்மா சொன்ன" என்றார் அவர், பரிதாபமாக. "நெய்வேலின்னு சொல்லலையே."

அவர் தலைமையில் நடந்த போராட்டம் எத்தனையோ. முன்னறிவிப்பில்லாமல் டூட்டிக்குப் போகாமல் இருந்தது அவருக்கும் அதுதான் முதல் முறை. அதிலும் தான் ஸ்ட்ரைக்கில் இருப்பது தெரியாமலேயே ஸ்ட்ரைக் செய்த யூனியன் செயலாளர் வேறெங்கும் இருக்க முடியாது.

உலகம் என்ன ஆனது என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. பெரிய கம்பெனிகள் எந்தப் புது வடிவத்தையும் மாதக்கணக்கில் சோதித்துவிட்டுத்தான் எடுக்குமாம். டென்மார்க்கில் நர்ஸுகள் டூட்டிக்குப் போனார்கள், விமானங்கள் பறந்தன. ரொட்டிக்காரர் மட்டும் "அவசரம்" என்று எழுதியிருந்தார். அது வேறு ஏதோ பழைய பழுது.

அப்பாவுக்கு மெமோ வந்தது. சொல்லாமல் வராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். காய்ச்சல் என்று எழுதச் சொன்னாள் அம்மா. அப்பா எழுத்தில் பொய் சொல்லமாட்டார். வெள்ளைத்தாளில், கோணாத கையெழுத்தில், இப்படி எழுதினார்:

"ஐயா, எனது மகள் தனது கோரிக்கைகளை வலியுறுத்தி ஒருநாள் அடையாள வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட காரணத்தால், நான் பணிக்கு வர இயலாமல் போனது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க மக எந்த யூனியன்?" என்று கேட்டாராம்.

"அவ ஒருத்திதான் சார் யூனியனே" என்றாராம் அப்பா.

ஒரு நாள் சம்பளப் பிடித்தத்தோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஹாட்பாக்ஸ் போனது போனதுதான். வருடம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. ஷோகேஸில் ஒதுக்கியிருந்த இடத்தைத் தினமும் போலவே அன்றைக்கும் துடைத்தார். அதைப் பார்த்ததும் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த நிரலை நான் அவருக்காகத்தான் எழுதினேன். உலகத்திலேயே அதனால் அதிகம் நட்டப்பட்ட ஆள் அவர்.

மூன்று நாள் நான் அவர் முன்னால் போகவில்லை. நான்காம் நாள் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, பெங்களூர் போகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்தார்.

"அந்த டென்மார்க் அம்மாவுக்கு எழுது. கான்ட்ராக்டுக்கு ஒத்துக்குறேன்னு எழுது."

"நீங்கதானப்பா வேணாம்னு தலைய ஆட்டினீங்க."

"அப்ப அது வேலைன்னு எனக்குத் தெரியலம்மா. ஏதோ பொழுதுபோக்குன்னு இருந்தேன். நிறுத்தினா எவனுக்காவது நட்டமாகணும், அப்பத்தான் அது வேலை. எனக்கு ஆச்சு." செய்தித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, "என் செக்‌ஷன்ல பாதிப் பேரு கான்ட்ராக்ட்தான். அவங்களும் வேலைதான் பாக்குறாங்க" என்றார்.

மெட்டேவுக்கு ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஒப்பந்தம் ஒரே வாரத்தில் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: ஆண்டுக்கு இருபத்துநான்கு சோப்பு. அதைக் காட்டி மற்ற கம்பெனிகளுக்கும் எழுதினேன், பிறகு இரண்டு சேர்ந்தன. ரொட்டிக்காரர் இன்னும் சேரவில்லை, அவசரம் மட்டும் தவறாமல் வருகிறது.

இப்போது குறிஞ்சிப்பாடியில், அப்பாவின் ஓய்வுப் பணத்தில் வாங்கிய சொந்த வீட்டில் இருக்கிறோம். நான் அங்கிருந்தே 'அப்பா ஷிப்ட்'டைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வருடமும் டென்மார்க்கிலிருந்து சோப்புப் பெட்டி வந்ததும் தண்டபாணி அங்கிளுக்குத் தகவல் போய்விடும். ரிடையர் ஆனபிறகும் பஸ் பிடித்து வந்து, வாயில் கூட்டத்தில் நின்ற எட்டுப் பேருக்கும் இரண்டிரண்டாகப் பிரித்து வாங்கிக்கொண்டு போகிறார். போராடிப் பெற்றது என்று சொல்லித்தான் கொடுக்கிறாராம். தன் வாழ்நாளில் முழுமையாக வென்ற ஒரே கோரிக்கை அதுதான் என்கிறார், அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் மாதப் பணத்தில் நான் ஒரு ஹாட்பாக்ஸ் வாங்கி அப்பாவிடம் நீட்டினேன். "வாங்குறது வேற, குடுக்குறது வேற" என்று சொல்லி அதை அம்மாவிடம் சமையலுக்குத் தள்ளிவிட்டார். ஷோகேஸில் பதினொன்றுதான் நிற்கின்றன, பக்கத்தில் துடைத்த இடம் காலியாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு டஜனுக்கு ஒன்று குறைகிறதே என்று கேட்காமல் போவதில்லை.

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காபியை ஆற்றிக்கொண்டே பதில் சொல்வாள்.

"அது ஸ்ட்ரைக்குக்குப் போயிருக்குது. இன்னும் வூட்டுக்குத் திரும்பல."